ஒடித்துப் பார்க்கும் கை

நேயர்களுக்கு வணக்கம்.

காய்கறிச் சந்தையில் வெண்டைக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பத்து நிமிடம் சும்மா நின்று பார்த்திருக்கிறீர்களா? வாங்க வருகிற அம்மா முதலில் விலை கேட்பதில்லை. கை நேராகக் குவியலுக்குள் போகிறது. ஒரு காயை எடுத்து, கட்டைவிரலால் நுனியை ஒரு அழுத்து. டக்கென்று ஒடிந்தால் காய் கூடைக்குள். வளைந்து கொடுத்தால் மறுபடியும் குவியலுக்கே. கடைக்காரர் "ஒடிக்காதம்மா, ஒடிச்சதை யாரு வாங்குவா?" என்று சத்தம் போட்டுக்கொண்டேதான் இருப்பார். அந்த அம்மா காதில் வாங்கமாட்டார். முருங்கைக்காய் என்றால் முறுக்கிப் பார்ப்பார். தேங்காய் என்றால் காதோரம் ஆட்டிப் பார்ப்பார்.

வெண்டை ஒன்று விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டிய பயிர். எடை கூடட்டும் என்று நம்மில் சிலர் இன்னும் ஒரு நாள் செடியில் விடுகிறோம். எடை கூடும், சந்தேகமில்லை. நாரும் கூடும். அந்தக் காய்தான் கட்டைவிரலுக்கு வளைந்து கொடுத்துவிட்டுக் குவியலிலேயே கிடக்கிறது. சாயங்காலம் வியாபாரி அதைத் தள்ளிவிட்டு, மறுநாள் உங்கள் மூட்டைக்கு விலையைக் குறைக்கிறார். பறிக்கும் நாளை முடிவு செய்ய வேண்டியவர் அந்தக் கட்டைவிரல்காரர். அவரைப் பற்றித்தான் நாம் யோசிப்பதே இல்லை.

சோப்பு விற்கிறவர்களும் பற்பசை விற்கிறவர்களும் இந்தக் கட்டைவிரலைப் படிப்பதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். நுகர்வோர் நடத்தை ஆய்வு என்று அதற்குப் பெயர். விவசாயத்துக்கு அது எதற்கு என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்ட பிறகு கேட்பதில்லை.

சில வருடங்களுக்கு முன்பு, டெல்டா பக்கத்தில் ஒரு உழவர் உற்பத்தியாளர் குழுவுக்கு ஆலோசனை சொல்லப் போயிருந்தேன். பாரம்பரிய நெல் மேல் எல்லோருக்கும் ஆசை வந்திருந்த நேரம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் நெல் திருவிழா நடத்தி, 170-க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டு, ஊர் ஊராக விதை பரப்பியிருந்தார். நம்மாட்களும் மாப்பிள்ளைச் சம்பா போடலாம் என்றார்கள். சந்தை எப்படி என்று பார்த்துச் சொல்லும் வேலை என்னுடையது. நகரத்தில் ஒரு இயற்கை உணவுக் கண்காட்சி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தேன். கையில் ஒரு படிவம். "மாப்பிள்ளைச் சம்பா அரிசி கிடைத்தால் வாங்குவீர்களா?" கிட்டத்தட்ட எல்லோருமே 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தைரியமாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நூற்று அறுபது நாள் பயிர். விளைந்தது, அரைத்தார்கள், பை போட்டார்கள். முதல் மாதம் நன்றாகவே ஓடியது. இரண்டாம் மாதம் கடைக்காரர்கள் போனை எடுக்கவில்லை. மழைக்காலம் வந்தபோது கிடங்கில் அடுக்கியிருந்த பைகளில் வண்டு நடமாடியது. குழுத் தலைவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க கேட்டது சரிதான் சார், அவங்க சொன்னதும் சரிதான். அப்ப அரிசி ஏன் இங்க கெடக்கு?" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

யோசித்துப் பார்த்தால் நான் செய்ததில் மூன்று ஓட்டை. இயற்கை உணவுக் கண்காட்சிக்கு வருகிறவரிடம் இயற்கை அரிசி வேண்டுமா என்று கேட்டது கோயில் வாசலில் நின்று "சாமி கும்பிடுவீங்களா?" என்று கேட்டதற்குச் சமம். அடுத்தது, மரியாதை. எதிரே ஒரு ஆள் நெல்லைப் பற்றி உருகி உருகிப் பேசும்போது, முகத்துக்கு நேராக 'வேண்டாம்' என்று சொல்ல நம்மூரில் யாருக்கு மனம் வரும்? மூன்றாவது, டிக் போடக் காசு தேவையில்லை. பர்ஸைத் திறக்காமல் சொல்கிற பதிலில் தாராளம் இருக்கத்தான் செய்யும்.

அப்புறம்தான், வாங்கியவர்கள் வீட்டுக்கே போனேன். ஒரு வீட்டில் அந்தப் பை பாதி காலியாக, வாய் ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி, பரணில் இருந்தது. அந்த அக்கா சொன்னதை அப்படியே சொல்கிறேன். "ராத்திரியே ஊற வைக்கணும் தம்பி, ஞாபகம் இருக்கறதில்ல. ஊற வெச்சாலும் எப்பவும் வைக்கிற விசிலுக்கு வேகல. பசங்க ஒரு வாய் வெச்சுட்டு தட்டை நகர்த்திட்டாங்க. நல்ல அரிசிதான், குறை சொல்லல." நல்ல அரிசிதான், குறை சொல்லல! கேள்வித்தாளில் அவர் டிக் போட்டதும் இதே மனதோடுதான். முதல் பையை அவர் வாங்கியது ஊர்ப் பேச்சைக் கேட்டு. இரண்டாவது பை வேண்டுமா என்பதை குக்கரும் பிள்ளைகளும் முடிவு செய்துவிட்டார்கள். நமக்கு லாபம் தரப்போவது இரண்டாவது பை.

கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார். கொஞ்சம் எடுத்து இட்லி அரிசியோடு கலந்து அரைத்தாராம், தோசை நன்றாக முறுகியதாம், பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்களாம். குழு மிச்சம் இருந்ததை அவலாகவும் கஞ்சி மாவாகவும் மாற்றியது அந்தப் பேச்சைக் கேட்டபிறகுதான். அவலை ஊறவைக்கச் சில நிமிடம் போதும். ராத்திரி ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சரி, விதைப்பதற்கு முன்னாலேயே இதைத் தெரிந்துகொள்ள வழி இல்லையா? இருக்கிறது. 1964-இல் பெக்கர், டிகுரூட், மார்ஷக் என்ற மூன்று அறிஞர்கள் எழுதிவைத்த முறை அது. உலகம் முழுக்க உணவுப் பொருள் ஆய்வுகளில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஒரு மஞ்சப்பையும் துண்டுச் சீட்டும் இருந்தால் நம் குழுக்களே செய்யலாம்.

பைக்குள் 50 ரூபாயிலிருந்து 150 ரூபாய் வரை ஐந்து ஐந்தாகக் கூட்டி எழுதிய சீட்டுகளைப் போடுங்கள். ஒரு கிலோ அரிசியைக் காட்டி, "இதுக்கு அதிகபட்சம் எவ்வளவு குடுப்பீங்க? எழுதுங்க" என்று கேளுங்கள். ஒரு அம்மா 90 என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு அவரே கையை விட்டு ஒரு சீட்டு எடுக்கட்டும். 75 வந்தால், அரிசி 75 ரூபாய்க்கு அவருக்கு. 110 வந்தால் அரிசி கிடையாது, காசும் கிடையாது, வீட்டுக்குப் போகலாம்.

இதில் என்ன சூட்சுமம் என்று கேட்பீர்கள். பேரம் பேசுகிற நினைப்பில் அவர் 60 என்று குறைத்து எழுதியிருந்தால், 75 வரும்போது, தனக்குக் கட்டுப்படியாகிற விலையிலேயே அரிசி கைவிட்டுப் போய்விடும். நம்மைச் சந்தோஷப்படுத்த 130 என்று எழுதியிருந்தால், 120 வந்தாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். கூட்டினாலும் நஷ்டம், குறைத்தாலும் நஷ்டம். மனதில் இருக்கிற விலையை எழுதுவது ஒன்றுதான் லாபம். நிபந்தனை ஒன்றே ஒன்று: பணம் நிஜமாகக் கை மாற வேண்டும். சும்மா விளையாட்டுக்கு என்றால் பழைய டிக் கதைதான். முதலில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வைத்து ஒத்திகை பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேருக்கு விதி புரியாது, சண்டை வரும்.

இதையே மூன்று சுற்றாகவும் நடத்தலாம். அரிசியைக் கண்ணால் மட்டும் பார்த்து ஒரு விலை. வடித்த சோற்றை ஒரு கைப்பிடி சாப்பிட்டுவிட்டு ஒரு விலை. நெல்லின் கதையைக் கேட்டபிறகு ஒரு விலை. கடைசியில் மூன்றில் எந்தச் சுற்று செல்லும் என்பதையும் குலுக்கிப் போட்டு எடுப்பது. சாப்பிட்டபிறகு விலை இறங்குகிறது, கதை கேட்டபிறகு ஏறுகிறது என்றால் என்ன அர்த்தம்? உங்கள் பொருளைத் தாங்கி நிற்பது கதைதான். ஒரு முறை விற்கும்.

ருசியைச் சரி செய்தே ஆக வேண்டும் என்று ஏற்றுக்கொண்டவர்கள் ஜெயித்த கதை ஒன்று ஆப்பிரிக்காவில் இருக்கிறது. மொசாம்பிக்கிலும் உகாண்டாவிலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு அன்றாடச் சாப்பாடு. ஆனால் வெள்ளைக் கிழங்கு. வைட்டமின் ஏ பற்றாக்குறையால் குழந்தைகள் பாதிக்கப்பட்டபோது, அந்தச் சத்து நிறைந்த ஆரஞ்சு நிறக் கிழங்கைக் கொண்டுவந்தார்கள். பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் பழகியது வேகவைத்தால் மாவு மாவாக உதிர்கிற கிழங்கு. இது நீர்கோத்துக் கொழகொழவென்று இருந்தது. சத்து இருக்கிறது, சாப்பிடுங்கள் என்று பிரசாரம் செய்ததோடு விட்டிருந்தால் நம் படிவக் கதைதான் அங்கும். சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தைச் சேர்ந்த மரியா ஆண்ட்ராதேயும் ராபர்ட் ம்வாங்காவும் மாவுத்தன்மை கூடின, அந்த மண்ணுக்கு ஏற்ற புது ரகங்களை உருவாக்கினார்கள். ஜான் லோ குடும்பங்களுக்குள் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிகளை ஆராய்ந்தார். வண்டிக்கும் சட்டைக்கும்கூட ஆரஞ்சு நிறம் அடித்து ஊர் ஊராகப் போனார்கள். 2016-இல் உலக உணவுப் பரிசு இவர்கள் மூவருக்கும், பயிர்களிலேயே சத்தைக் கூட்டும் வேலையை முன்னெடுத்த ஹோவர்த் பூயிஸுக்கும் சேர்த்துக் கிடைத்தது.

ஆனால் ஆய்வு என்று சொன்னதையெல்லாம் அப்படியே நம்பிவிடவும் கூடாது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஜாம் ஆய்வு ரொம்பப் பிரபலம். கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது, நின்று பார்த்தவர்களில் 100-க்கு 3 பேர்தான் வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 30 பேர். தேர்வு அதிகமானால் மனிதன் குழம்பிப்போகிறான் என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். பத்து வருடம் கழித்து, அதுபோல நடந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சராசரியில் அப்படி ஒரு விளைவே தெரியவில்லை. சில இடத்தில் நடக்கிறது, சில இடத்தில் நடப்பதில்லை. ஆகவே வேறு ஊர் முடிவை வாங்கி நம் பையில் ஒட்டாதீர்கள். செய்துபார்க்கும் முறையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்மூர் நுகர்வோருக்கென்று சில வழக்கங்கள் இருக்கின்றன. தக்காளி விலை ஏறினால் என்ன நடக்கிறது, கவனியுங்கள். ஒரு கிலோ கேட்டவர் "இருபது ரூபாய்க்குக் குடு" என்கிறார். எடைக் கணக்கு போய் ரூபாய்க் கணக்கு வந்துவிடுகிறது. நடைபாதையில் கூறு கட்டி விற்கிற பாட்டிகளுக்கு இது அத்துப்படி. கூறு விலை மாறாது, கூறுக்குள் இருக்கிற காய் குறையும். சத்தமில்லாமல் விலையேற்றம் நடந்துவிடும்! நம் குழுக்கள் ஒரு கிலோப் பைதான் போடுவோம் என்று பிடிவாதம் பிடிக்கின்றன. புதுப் பொருளை முதன்முதலில் வாங்குகிறவருக்கு 120 ரூபாய் ஒரு சூதாட்டம் மாதிரி. கால் கிலோவை 30 ரூபாய்க்கு வைத்தால் யோசிக்காமல் எடுத்துப் பார்ப்பார். எடை எவ்வளவு என்பதை மட்டும் பளிச்சென்று அச்சடித்துவிடுங்கள். பாட்டி செய்தால் பொறுத்துக்கொள்கிறவர், நீங்கள் செய்தால் பொறுக்கமாட்டார்.

பிறகு, நாள்காட்டி. புரட்டாசி பிறந்தால் நாமக்கல் முட்டைக்காரரும் பல்லடம் கறிக்கோழிக்காரரும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். சனிக்கிழமை விரதம் என்று ஆரம்பித்து, பல வீடுகளில் மாதம் முழுக்கக் கவுச்சியே கிடையாது. ஆனால் கறிக்கோழி வளரக் கிட்டத்தட்ட ஆறு வாரம் ஆகிறது. தீபாவளிக்கு விற்க வேண்டிய கோழி, ஊரே விரதம் இருக்கிற அந்தப் புரட்டாசியில்தான் குஞ்சாகக் கொட்டகைக்குள் இறங்க வேண்டும். விலை விழுந்து கிடக்கிறதே என்று அப்போது பயந்து நின்றால் தீபாவளி கைவிட்டுப் போகும். பன்னீர்க் கரும்பு இதைவிடக் கெடுபிடி. சித்திரையில் நட்டு, மார்கழி வரை தண்ணீர் பாய்ச்சி, சோகை உரித்து வளர்த்த பயிர். காணும் பொங்கலுக்கு மறுநாள் அதற்கு மாட்டைத் தவிர ஆளில்லை.

சின்ன வெங்காயம் பற்றியும் சொல்ல நினைத்தேன். நேரம் குறைவாக இருக்கிறது. உரிக்கச் சோம்பல்பட்டுப் பெரிய வெங்காயத்துக்கு மாறின வீடுகள் எத்தனை என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். உரித்துப் பொட்டலம் போட்டு விற்கிற பெண்கள் எண்ணாமலேயே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்ததிலிருந்து, விளைவித்தவரே வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து விற்க ஒரு இடம் இருக்கிறது. நாம் அங்கே போய்த் தராசைப் பார்க்கிறோம், கல்லாவைப் பார்க்கிறோம். அடுத்த முறை போகும்போது ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள். யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். எதைத் தொட்டார்கள், எதை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்கள், வைத்தபிறகு எதை எடுத்தார்கள், அதை மட்டும் எழுதுங்கள். சந்தை கலையும் நேரத்தில் வெண்டைக்காய்ச் சாக்கில் மிச்சம் கிடப்பதைக் கொட்டிப் பாருங்கள். நுனியில் நகம் பதிந்த தடம் இருக்கும், ஒடியாமல் வளைந்திருக்கும். அப்படி எத்தனை என்று எண்ணி, பக்கத்தில் அந்தக் காயை எந்த நாள் பறித்தீர்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.