ஷப்னம்: டாக்காவில் பிறந்த உருது நாயகி

எல்லோருக்கும் வணக்கம். 'நான் அடிமை இல்லை' படம் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். சரி, பாதிப் பேருக்கு மேல் இருக்கிறீர்கள். 1986-இல் வந்த படம். ரஜினியும் ஸ்ரீதேவியும் ஜோடி, இயக்கம் துவாரகீஷ். பணக்கார வீட்டுப் பெண், வசதியில்லாத பையன், மருமகனைச் சகிக்காத மாமனார், பிரிவு, நடுவில் ஒரு குழந்தை. அது முந்தைய ஆண்டு மிதுன் சக்கரவர்த்தி நடித்து வந்த 'பியார் ஜுக்தா நஹீ' என்ற இந்திப் படத்தின் மறு ஆக்கம் என்று சினிமா தெரிந்தவர்கள் சொல்வார்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அந்த இந்திப் படத்துக்கும் மூலம் ஒன்று உண்டு: 1977-இல் பாகிஸ்தானில் வெளியான 'ஆயினா'. ஸ்ரீதேவி இங்கே அழுது நடித்த காட்சிகளை முதலில் நடித்தவர் ஷப்னம். நான் இன்று பேச வந்தது அவரைப் பற்றித்தான்.

அவருடைய இயற்பெயர் ஜர்னா பசாக். டாக்காவில் ஒரு வங்காளி இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா கால்பந்து நடுவர். பெண்ணுக்குச் சின்ன வயதிலேயே நடனம் வந்தது. அந்த நடனத்தைப் பார்த்துத்தான் சினிமாக்காரர்கள் கூப்பிட்டார்கள். முதலில் கூட்டத்தோடு ஆடினார். 1961-இல் 'ஹாரானோ தின்' என்ற வங்காளப் படத்தில் கதாநாயகி ஆனார். ஷப்னம் என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டதுதான்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். டாக்கா அப்போது கிழக்குப் பாகிஸ்தானில் இருந்தது. 1952 பிப்ரவரி 21 அன்று அங்கே என்ன நடந்தது? உருது மட்டுமே அரசு மொழி என்பதை எதிர்த்து மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. மொழிக்காக உயிர் போவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே டாக்காவில், சரியாகப் பத்து வருடம் கழித்து, 1962-இல் 'சந்தா' என்று உருதுப் படம் எடுக்கிறார்கள். எடுத்தவர் எஹ்தேஷாம். எடுத்தது டாக்கா ஆட்கள், நடித்தது வங்காளிகள், பேசியது உருது. ஏன்? கணக்கு எளிது. வங்காளப் படம் கிழக்கே மட்டும்தான் ஓடும். உருதுப் படம் மேற்குப் பாகிஸ்தானின் கராச்சியிலும் லாகூரிலும் ஓடும். தெருவில் எதிர்த்த மொழியில் ஸ்டூடியோவில் வசனம் பேசினார்கள். இதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குப் பிழைப்பு நடக்க வேண்டியிருந்தது. அப்படி எடுத்த படங்களில் நல்ல படங்களும் இருந்தன.

'சந்தா'வில் ஷப்னம் முதல் கதாநாயகி இல்லை, இரண்டாமவர்தான். ஆனால் பாகிஸ்தான் சினிமாவின் பெரிய விருதான நிகார் விருது அவருக்குத்தான் வந்தது, சிறந்த துணை நடிகைக்காக. அடுத்த வருடம் 'தலாஷ்'. அதற்கு இசை ராபின் கோஷ். பாக்தாத்தில் பிறந்த, கிறிஸ்தவக் குடும்பத்து வங்காளி. 1964-இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். ஒரு இந்துப் பெண்ணும் ஒரு கிறிஸ்தவரும் சேர்ந்து பாகிஸ்தானின் காதல் படங்களுக்கு முகமும் மெட்டும் கொடுத்தார்கள் என்பதை அந்த நாட்டைப் பற்றி ஒற்றை வரியில் தீர்ப்புச் சொல்பவர்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

1960-களின் கடைசியில் இந்தத் தம்பதி மேற்குப் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1968-இல் உருது சினிமா நாயகன் வஹீத் முராதுடன் 'சமந்தர்' வந்தது. 1971-இல் நாடு இரண்டானது, கிழக்கு வங்கதேசமானது. பிறந்த ஊர் வேறு தேசமாகிவிட்டது. அப்போது நியாயமாக இந்த வங்காளி நடிகையின் மார்க்கெட் சரிந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். 1970-கள் முழுக்க உருது சினிமாவில் அவர்தான் முதலிடம். அந்தக் கோபமான காலத்தில் பாகிஸ்தான் ரசிகர்கள் அவரை ஒதுக்கவில்லை என்பதை அவர்களுடைய பெருந்தன்மை என்பதா, அவருடைய திறமை என்பதா? திறமை என்பதுதான் என் கட்சி. டிக்கெட் வாங்குகிறவன் பெருந்தன்மைக்காகப் படத்துக்குப் போவதில்லை.

அப்படி என்ன திறமை? அழகிகள் அங்கே நிறையப் பேர். அந்தக் காலத்து உருதுப் படத்தில் சோகம் என்றால் கத்தி அழுவார்கள். ஷப்னம் பல இடங்களில் அழுகையை விழுங்குவார். முகம் அப்படியே இருக்கும், குரல் மட்டும் இறங்கும். 'ஆயினா'வில் இது நன்றாகத் தெரியும். நதீம் கணவனாக நடித்தார். அவரும் டாக்காவில் எடுத்த 'சகோரி' மூலம் மேலே வந்தவர்தான். இயக்குநர் நஸ்ருல் இஸ்லாமும் வங்காளி. இசை ராபின் கோஷ். ஆக, உருது சினிமா தன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் படத்தில் முக்கியமான நாலு பேரையும் கொடுத்தது டாக்கா. மெஹ்தி ஹசனும் நய்யாரா நூரும் பாடியிருக்கிறார்கள்.

அந்தப் படம் கராச்சியில் 400 வாரத்துக்கு மேல் ஓடியது என்பார்கள். கேட்டதும் நம் ஊர் வெள்ளிவிழாக் கணக்கோடு ஒப்பிட்டு மலைத்துவிடாதீர்கள். ஒரு நகரத்தில் எத்தனை தியேட்டரில் ஓடினாலும் வாரங்களை எல்லாம் கூட்டிச் சொல்வது அங்கத்திய வழக்கம். அப்படிக் கழித்துப் பார்த்தாலும் அது பெரிய ஓட்டம்தான்.

1980-இல் வந்த 'நஹீ அபி நஹீ' எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. விடலைப் பையன் ஒருவன் மயங்கும் மூத்த பெண்ணாக அதில் வருகிறார். உச்சத்தில் இருக்கும் கதாநாயகி தன் வயதை ஒப்புக்கொண்டு நடிப்பது இன்றைக்கும் லேசில் நடக்காது.

அப்புறம் சரிவு. அது அவருடைய சரிவு இல்லை, அவர் நின்ற மேடையின் சரிவு. 1965 இந்திய-பாகிஸ்தான் போருக்குப் பிறகு இந்தியப் படங்களுக்குப் பாகிஸ்தான் தியேட்டர்களில் தடை வந்தது. ஆனால் விசிஆர் வந்ததும் இந்திப் படம் வீட்டுக்கே வந்துவிட்டது. குடும்பத்தோடு படம் பார்த்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், தியேட்டர் பக்கம் வருவது குறைந்தது. 1979-இல் 'மௌலா ஜட்' என்ற பஞ்சாபிப் படம் பெரும் வெற்றி. அதன் பிறகு லாகூர் ஸ்டூடியோக்களில் நீளக் காம்பு கோடரியைத் தூக்கிய சுல்தான் ராஹியின் ராஜ்ஜியம். ஷப்னமும் ஒருசில பஞ்சாபிப் படங்களில் நடித்தார். ஆனால் அது அன்ஜுமன் போன்ற பஞ்சாபிப் பட நாயகிகளின் களம். குரலை இறக்கிப் பேசுவதையே பலமாகக் கொண்டவருக்கு அங்கே என்ன வேலை?

1990-களின் கடைசியில் கணவரோடு டாக்கா திரும்பினார். மறந்திருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1999-இல் காஜி ஹயாத் இயக்கிய 'அம்மாஜான்' வந்தது. அப்போது அங்கே உச்சத்தில் இருந்த மான்னாவுக்கு அம்மா. படத்தின் பெயரே அவருடைய பாத்திரம்தான். வங்கதேசத்தில் பிரமாதமாக ஓடிய படங்களில் அது ஒன்று. அதற்குப் பிறகும் அவரைப் பயன்படுத்திக்கொள்ள டாக்கா சினிமாவுக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டால் நஷ்டம் அவர்களுக்குத்தான். 2012-இல் பாகிஸ்தான் தொலைக்காட்சி அவரையும் ராபின் கோஷையும் அழைத்துக் கௌரவித்தது. 2016 பிப்ரவரியில் ராபின் கோஷ் டாக்காவில் காலமானார்.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று கூட்டம் முடிந்ததும் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். 'ஆயினா' வேண்டாம், கதை நமக்கு மனப்பாடம், ரஜினிதான் குறுக்கே வந்து நிற்பார். 1974-இல் வந்த 'சாஹத்' பாட்டுகளில் தொடங்குங்கள். அதற்கும் இசை ராபின் கோஷ்தான். அதில் மெஹ்தி ஹசன் பாடும் பாட்டைக் கேட்டுவிட்டு, நேராக 'நஹீ அபி நஹீ'க்குப் போய்விடுங்கள்.