அந்தக் கதவைத் திறந்தது விடுகதை

வணக்கம் நடுவர் அவர்களே. கிரேக்கப் புராணத்து ஈடிபஸின் கதையை நடத்துவது டெல்ஃபியில் உள்ள அப்பல்லோ கோயிலின் அருள்வாக்கா, ஸ்பிங்க்ஸ் என்ற பூதத்தின் விடுகதையா என்பது தலைப்பு. நான் விடுகதையின் பக்கம். இந்த அணியில் உட்காரச் சொன்னார்கள் என்பதற்காகப் பேசவில்லை. கிரேக்க நாடகாசிரியர் சோபக்ளிஸ் ஈடிபஸைப் பற்றி எழுதிய நாடகத்தை எப்போது படித்தாலும் மேடைக்கே வராத அந்த ஸ்பிங்க்ஸின் குரல்தான் எனக்குக் காதில் விழுகிறது.

எதிரணிச் சகோதரி ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். தகப்பனைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்று அப்பல்லோ கோயிலிலேயே சொல்லியாகிவிட்டது, அப்புறம் வழியில் ஒரு பூதம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்டார். சரி, அங்கிருந்தே தொடங்குகிறேன். அந்த வாக்கில் முதல் பாதி, மூன்று சாலைகள் கூடும் இடத்தில் நடந்து முடிந்துவிட்டது. வழிவிடுவதில் தகராறு, கைகலப்பு, வண்டியில் வந்த பெரியவர் செத்துப்போனார். அவர் தீப்ஸ் நகரின் அரசர் லையஸ் என்பதோ, தன்னைப் பெற்றவர் என்பதோ ஈடிபஸுக்குத் தெரியாது. இனி இரண்டாம் பாதி. தான் வளர்ந்த கொரிந்து நகரை விட்டு ஓடிவந்த ஒரு வழிப்போக்கன், கேட்க நாதியில்லாதவன், தீப்ஸின் அரசியை எப்படி மணக்க முடியும்? அரண்மனை வாசலைத் தாண்டவே விட்டிருக்க மாட்டார்களே! அந்தக் கதவைத் திறந்தது விடுகதை. இன்னொரு கிரேக்க நாடகாசிரியரான யூரிபிடிஸின் நாடகத்தில் அந்த அரசி ஜொகாஸ்டாவே அதைச் சொல்கிறாள்: என் உடன்பிறந்த கிரியான், விடுகதையை அவிழ்ப்பவனுக்கு என்னை மணமுடித்துத் தருவதாக ஊருக்கு அறிவித்தான் என்று. தாயை மணப்பாய் என்றது டெல்ஃபி. மணமேடை போட்டது ஸ்பிங்க்ஸ்.

பெண் முகம், சிங்க உடல், பறவைச் சிறகு. குன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு கேட்கிறாள்: குரல் ஒன்றுதான், ஆனால் நான்கு கால், இரண்டு கால், மூன்று கால், அது எது? பதில் தெரியாதவனைத் தின்றுவிடுகிறாள். மற்ற வீரர்கள் பூதங்களைக் கொன்ற விதத்தைப் பாருங்கள், பெர்சியஸுக்கு அரிவாள், ஹெராக்ளிஸுக்குத் தண்டாயுதம். இங்கே 'மனிதன்' என்ற ஒரே சொல் (தவழும் குழந்தைக்கு நான்கு கால், வளர்ந்தவனுக்கு இரண்டு, கோலூன்றும் கிழவனுக்கு மூன்று), அவள் தானாகவே கீழே விழுந்து சாகிறாள். வத்திக்கான் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ கி.மு. 470ஐச் சேர்ந்த ஒரு கிண்ணம் இருக்கிறது. அதில் ஈடிபஸ் பயணிகளின் அகலத் தொப்பியோடு, காலைக் குறுக்கே போட்டு, மோவாயைக் கையில் தாங்கி அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சண்டைக்கு நிற்பவன் அப்படியா உட்காருவான்? யோசிக்கிறான். இவ்வளவு அருகில், இவ்வளவு அமைதியாக ஒரு பூதத்தின் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளைக் கிரேக்கக் கதைகளில் வேறெங்கும் பார்த்த நினைவில்லை எனக்கு.

அவள் செய்த இன்னொரு வேலையை இதுவரை யாரும் தொடவில்லை. சோபக்ளிஸ் நாடகத்தின் தொடக்கத்தில் ஈடிபஸ் கேட்கிறான்: அரசனே கொலையாகியிருக்கிறான், அப்போதே ஏன் விசாரிக்கவில்லை? கிரியான் சொல்லும் பதிலைக் கவனியுங்கள். ஸ்பிங்க்ஸ் எங்களைத் தெரியாததையெல்லாம் விட்டுவிட்டுக் காலடியில் இருப்பதைப் பார்க்க வைத்தாள் என்கிறான். காலடியில்! கால்களைப் பற்றி விடுகதை போட்டவள், ஊர் முழுவதையும் காலடியைப் பார்க்க வைத்து, கொலைகாரன் ஊருக்குள் வந்து அரியணையில் உட்காரும்வரை விசாரணையே இல்லாமல் செய்துவிட்டாள். பிள்ளைகள் நான்கு பிறந்துவிட்டன. அத்தனை ஆண்டு மௌனமும் அவள் கொடுத்தது, அந்த மௌனம் இல்லையென்றால் நாடகத்தில் தோண்டி எடுக்க என்ன இருக்கிறது?

பழைய காவியக் கவிஞர் ஹோமரில் ஸ்பிங்க்ஸே இல்லையே என்று எதிரணித் தலைவர் கைதட்டல் வாங்கினார். உண்மைதான், அவரது ஒடிசி காவியத்தின் 11ஆம் காண்டத்தில் இந்தக் கதை பத்து வரியில் வருகிறது, ஸ்பிங்க்ஸ் வரவில்லை. ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்பதையும் சொல்லியிருக்கலாம். மணம் நடந்த கொஞ்ச நாளிலேயே தேவர்கள் உண்மையை ஊருக்கு வெளிப்படுத்திவிடுகிறார்கள். தாய் தூக்குப் போட்டுக்கொள்கிறாள். ஈடிபஸோ துன்பத்தோடு தீப்ஸையே ஆண்டுகொண்டிருக்கிறான். கண்ணைக் குத்திக்கொள்ளவில்லை, ஊரை விட்டுப் போகவில்லை. ஐயா, உங்கள் சாட்சி எங்களுக்குச் சாட்சி! ஸ்பிங்க்ஸை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்தப் பத்து வரிதான். விசாரணையும் இல்லை, தானே தன்னைத் தேடிப் பிடிக்கும் மனிதனும் இல்லை.

அந்தத் தேடலுக்கான துணிச்சல் அவனுக்கு எங்கிருந்து வந்தது? கண் தெரியாத குறிசொல்லி டைரீசியஸோடு சண்டை போடும்போது அவனே சொல்கிறான். அந்தப் பாட்டுக்கார நாய், அதாவது ஸ்பிங்க்ஸ், இங்கே இருந்தபோது நீ ஏன் வாயைத் திறக்கவில்லை, பறவைகளைப் பார்த்துக் குறி சொல்லும் உன்னால் முடியாததை ஒன்றும் தெரியாத நான் என் அறிவால் முடித்தேன் என்கிறான். ஒரு தடவை விடுகதையை அவிழ்த்தவன், எதையும் அவிழ்த்துவிடலாம் என்று நம்புகிறான். ஜொகாஸ்டா வேண்டாம், தேடாதே என்று கெஞ்சுகிறாள். கேட்கவில்லை. அருள்வாக்கைக் கண்டு பயந்து ஓடிய அதே ஈடிபஸ்தான் இவன், அவனை நின்று கேள்வி கேட்பவனாக மாற்றியது ஸ்பிங்க்ஸ்.

கடைசியாக, விடுகதையின் ஒரு வரிகூட நாடகத்தில் இல்லை என்றார்கள். இல்லைதான். சோபக்ளிஸ் அதை ஈடிபஸின் உடம்பிலேயே எழுதிவிட்டார். அவன் பெயருக்கே வீங்கிய கால் என்று பொருள். பிறந்த குழந்தையின் கணுக்கால்களைத் துளைத்துக் கட்டி மலையில் போடச் சொன்னார்கள், நான்கு காலில் தவழும் முன்பே அந்தக் காலைப் பறித்துவிட்டார்கள். கொரிந்திலிருந்து வந்த தூதன், உன் கணுக்காலே சாட்சி சொல்லும் என்கிறான், அந்தப் பழைய வலியை ஏன் எடுக்கிறாய் என்று ஈடிபஸ் துடிக்கிறான். மூன்றாவது காலை டைரீசியஸ் முன்பே சொல்லிவிட்டார்: கண்ணிழந்து, கோலால் தரையைத் தடவித் தடவி அந்நிய மண்ணுக்குப் போவாய் என்று. ஊருக்கே பதில் சொன்னவனுக்கு, அந்தப் பதில் தன்னைப் பற்றியது என்பதைக் காண அத்தனை காலம் ஆனது.

சோபக்ளிஸ் முதுமையில் எழுதி, அவர் இறந்த பிறகு கி.மு. 401இல் மேடையேறிய நாடகத்தில் அந்தக் கிழட்டு ஈடிபஸ் ஏதென்ஸ் அருகே உள்ள கொலோனஸுக்கு வந்து சேர்கிறான், மகள் ஆன்டிகனியின் கையைப் பிடித்துக்கொண்டு. கிரியான் பறித்துக்கொண்டு போன மகள்கள் இருவரும் திரும்பக் கிடைத்தபோது, அவர்களைத் தொட்டுப் பார்த்து, என் ஊன்றுகோல்களே என்று அழைக்கிறான்.