மாநாட்டுக்கு வருபவர் மனம்விட்டுப் பேச ஓர் இடம்

அனைவருக்கும் வணக்கம்.

மாநாடு நடத்துகிறவர்கள் பலர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். அரங்கம், சாப்பாடு, ஒலிபெருக்கி, பேச்சாளர்களின் பயணச்சீட்டு என்று நூறு வேலைகள் உங்கள் தலைமேல். நடத்தை விதிகளை இணையதளத்தில் போட்டாயிற்று, புகார்க் குழுவும் அமைத்தாயிற்று, அந்த வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அந்தப் புகார்க் குழுவின் பக்கமே வராதவர்களைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும். ஒன்றும் நடக்காததால் அவர்கள் வராமல் இருப்பதில்லை. வாய் திறந்த நிமிடமே விஷயம் தன் கையை விட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறார்கள்.

இந்தப் பயம் மாநாட்டில் இன்னும் அதிகம். யார்மீது குறையோ அந்த எதிராளி வேறு ஊர், வேறு நிறுவனம். ஆனால் ஒரே துறை. நாளை தன் கட்டுரையை மதிப்பிடப்போகிறவரும், வேலைக்கான நேர்காணலில் எதிரே உட்காரப்போகிறவரும் அவராகவே இருக்கலாம். கூட்டம் மூன்று நாளில் கலைந்துவிடும். துறையில் அந்த இருவரும் முப்பது வருடம் ஒருவரையொருவர் பார்த்தாக வேண்டும்.

இப்படிப்பட்டவருக்காக ஏற்பட்டதுதான் மாநாட்டு ஆம்புட்ஸ்: வந்தவர் சொல்வதை இரகசியமாகக் கேட்டு, அவர் முன் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று காட்டுபவர். குழப்பம் பெயரிலேயே இருப்பதால் பெயரை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆம்புட்ஸ்மேன் என்பது சுவீடன் தந்த சொல். அதிகாரிகள் சட்டப்படி நடக்கிறார்களா என்று கண்காணித்து, தவறினால் வழக்குத் தொடுக்க நாடாளுமன்றமே ஒருவரை நியமிக்கலாம் என்று அந்நாட்டின் 1809-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் வழிசெய்தது. வங்கிக்கும் காப்பீட்டுக்கும் இருக்கிற ஆம்புட்ஸ்மேன்களும் ஏறக்குறைய அந்த மரபுதான்: மனு, விசாரணை, முடிவு. தமிழில் குறைதீர்ப்பாளர் என்கிறோம். மாநாட்டு ஆம்புட்ஸுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. அவர் தீர்ப்புச் சொல்வதில்லை, சாட்சி விசாரிப்பதில்லை, யாரையும் வெளியேற்றுவதும் இல்லை. அவரிடம் சொன்னதால் எதுவும் தானாகத் தொடங்கிவிடாது. அவர் கையில் இருக்கிற ஒரே மூலதனம் அதுதான். இனி நான் சொல்லப்போகிற அத்தனை ஏற்பாடும் அந்த மூலதனம் கரையாமல் பார்த்துக்கொள்வதற்காக.

2005-ல் இரண்டு சங்கங்கள் இணைந்து உருவான பன்னாட்டு ஆம்புட்ஸ் சங்கம் இந்தப் பணிக்கு நான்கு நெறிகளை வைத்திருக்கிறது: தன்னாட்சி, நடுநிலை, முறைசாராமை, இரகசியம். எல்லா அமைப்புகளும் இந்த வழியில் போவதில்லை. இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் ஆம்புட்ஸ் குழு இருக்கிறது. 2016-ல் வெளிவந்த ஆர்எஃப்சி 7776 ஆவணப்படி அந்தக் குழு புகாரை விசாரித்து நடவடிக்கையும் எடுக்கலாம். அதில் தவறில்லை, அது வேறு வகை. ஒரே பெயரில் இரண்டு வகை இருக்கும்போது, தன் முன்னால் இருப்பவர் எந்த வகை என்று வருபவருக்கு முன்கூட்டியே தெரியவேண்டும். தெரியாமல் பேசிவிட்டு, பிறகு விசாரணை என்று கடிதம் வந்தால், அந்த மாநாட்டில் அடுத்தவர் யாரும் வாய் திறக்கமாட்டார்.

அடிக்கடி நடக்கும் தவறும் இதையொட்டியதுதான். ஆள் பற்றாக்குறை என்று சொல்லி, புகார்க் குழு உறுப்பினர் ஒருவரையே ஆம்புட்ஸாகவும் போட்டுவிடுகிறார்கள். காலையில் அவர் காதில் விழுந்தது, மாலையில் குழு கூடும்போது மனதில் இல்லாமல் போய்விடுமா? இரண்டு நாற்காலிக்கும் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர்தான் கிடைக்கிறார் என்றால் ஆம்புட்ஸ் இருக்கிறது என்று அறிவிக்காதீர்கள், புகார்க் குழு மட்டும் இருக்கிறது என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து ஒப்பந்தம். மாநாட்டுத் தலைவர் கையெழுத்தில் போடாமல், அமைப்பின் ஆட்சிக்குழுவோடு போடுங்கள், ஏனென்றால் தலைவர்மீதே குறை வரலாம். அதில் எழுத்தில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: யார் வந்தார், என்ன சொன்னார் என்று ஆம்புட்ஸை யாரும் கேட்கக்கூடாது. வந்து பேசியதற்காக எவரையும் பழிவாங்கக்கூடாது. ஆம்புட்ஸிடம் சொல்வது அமைப்பிடம் சொன்னதாக ஆகாது. இந்த மூன்றாவது வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அமைப்புக்கு ஒரு தவறு தெரியவந்தால் நடவடிக்கை எடுக்கும் கடமை அதற்கு வந்துவிடும். ஆம்புட்ஸின் காது அமைப்பின் காது என்று ஆகிவிட்டால் இரகசியம் அங்கேயே முடிந்தது. சம்பளம் மொத்தத் தொகையாக இருக்கட்டும். மணிக்கணக்கிலோ ஆள்கணக்கிலோ கொடுத்தால், எத்தனை பேர் வந்தார்கள் என்பதைக் கணக்குப் பிரிவு ரசீதிலிருந்தே கணக்குப் போட்டுவிடும்.

இரகசியத்துக்கு எல்லை உண்டு, அதை மறைக்கக்கூடாது. யாருக்காவது கடுமையான தீங்கு உடனடியாக நேரப்போகிறது என்று தெரிந்தால் ஆம்புட்ஸ் பேசுவார். குழந்தைகள் சம்பந்தப்பட்டால் சில நாடுகளின் சட்டம் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது. மாநாடு எந்த நாட்டிலோ அந்த நாட்டு வழக்கறிஞரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நீதிமன்றம் கேட்டாலும் சொல்லமாட்டோம் என்று விளம்பரத்தில் எழுதிவிடாதீர்கள். 1997-ல் அமெரிக்காவின் எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், தன்னிடம் சொன்னதை நீதிமன்றத்தில் வெளியிடாமல் இருக்க ஒரு நிறுவனத்தின் ஆம்புட்ஸுக்காகக் கேட்கப்பட்ட சலுகையை ஏற்க மறுத்தது. "இரகசியம் காக்க எங்களால் முடிந்த அனைத்தையும் செய்வோம், விதிவிலக்குகள் இவை" என்பதே கண்ணியமான வாக்கு.

குறைந்தது இரண்டு பேரை நியமியுங்கள், பாலினத்தில் வேறுபட்டவர்களாக இருந்தால் நல்லது. மாநாட்டின் துறையைச் சேராதவர்கள், அதில் கட்டுரை சமர்ப்பிக்காதவர்கள். துறைக்காரர் என்றால் எதிராளி அவருக்கு நண்பராகவோ முன்னாள் மாணவராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். ஒருவரிடம் பேசியதை மற்ற ஆம்புட்ஸிடம் சொல்ல வேண்டுமானாலும் வந்தவரின் சம்மதம் வேண்டும்.

இப்போது அறைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்த ஏற்பாடு பெரும்பாலும் அறை வாசலில்தான் உடைகிறது. இன்றைய மாநாடுகளில் அடையாள அட்டையில் க்யூஆர் குறியீடு அல்லது சிப் இருக்கிறது. ஒவ்வொரு அறை வாசலிலும் அதைப் படிக்கிற கருவி, அமர்வுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதற்காக. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் எல்லாக் கதவுக்கும் வைப்பதுபோல ஆம்புட்ஸ் அறைக்கும் ஒன்றை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சாயங்காலம் அமைப்பாளரின் திரையில் "அறை 14, மதியம் 2:10" என்று ஒரு பெயர் நிற்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. ஆனாலும் அந்தப் பெயர் அங்கே நிற்கிறது. ஆகவே முதல்நாள் மாலையே யாராவது ஒருவர் அந்தத் தாழ்வாரத்தில் நடந்து பாருங்கள். கருவி இருக்கிறதா? கண்காணிப்புக் கேமரா கதவைப் பார்க்கிறதா? கதவு கண்ணாடியா? பக்கத்து அறை அமைப்பாளர் அலுவலகமா? சுவருக்கு அப்பால் பேச்சுக் கேட்கிறதா? கேட்கிறதென்றால் வெளியே ஒரு மின்விசிறியின் இரைச்சலே பாதி வேலையைச் செய்துவிடும்.

பதிவு மேசை இருக்கிற தளம் வேண்டாம். கழிப்பறை, லிஃப்ட் என்று வேறு காரணத்துக்காகவும் ஆட்கள் போய்வரும் வழியாக இருக்கட்டும், அப்போது நடந்துபோகிறவர் தனியாகத் தெரியமாட்டார். வாசலில் அறை எண் மட்டும் போதும், "ஆம்புட்ஸ்" என்று பலகை வைக்காதீர்கள். ஓட்டல் படுக்கையறையை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். ஒரு சந்திப்புக்கு ஒரு மணி நேரம், அதன்பின் இருபது நிமிடம் காலி. வெளியே போகிறவரும் உள்ளே வருகிறவரும் எதிரெதிரே சந்திக்கக்கூடாது என்பதற்காகவே அந்த இருபது நிமிடம். வழிதெரியாமல் நிற்பவரைத் தன்னார்வலர் கூட்டிக்கொண்டு வந்து விடும் பழக்கமும் வேண்டாம்.

தொடர்புக்குத் தனி சிம், தனி மின்னஞ்சல். மாநாட்டுச் செயலியின் அரட்டைப் பெட்டியைப் பயன்படுத்தாதீர்கள், அதை நிர்வகிப்பவர் படிக்க முடியும். எண்ணை அட்டையின் பின்பக்கத்திலும் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் போடுங்கள், யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. இணையவழி மாநாடு என்றால் காத்திருப்பு அறை, பதிவு செய்யும் வசதி அணைப்பு, சொந்தப் பெயரை மறைக்க அனுமதி. தொடக்க விழாவில் ஆம்புட்ஸ் மேடைக்கு வந்து ஒரு நிமிடம் தன் வாயால் பேசட்டும். முகத்தைப் பார்த்தபின்தான் பலருக்குக் கால் நகர்கிறது.

வந்து உட்கார்ந்ததும் நடப்பது என்ன? கதையைக் கேட்பதற்கு முன்னாலேயே, முதல் இரண்டு நிமிடத்துக்குள், இரகசியத்தையும் அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பாதிக்கதைக்கு மேல் சொன்னால் அது பொறி வைத்ததுபோல் ஆகிவிடும். எதிராளியின் பெயரைக் கேட்க வேண்டியதில்லை, பெயர் இல்லாமலே பெரும்பாலும் உதவ முடியும். கேட்டு முடித்ததும் "இதில் என்ன நடந்தால் உங்களுக்குப் பரவாயில்லை என்று தோன்றும்?" என்பதே முதல் கேள்வி. பிறகு வழிகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுவது: இப்போதைக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பது, நடந்ததைத் தேதி நேரத்தோடு தானே எழுதி வைத்துக்கொள்வது, எதிராளியிடம் நேரில் பேசுவது, கடிதம் எழுதுவது, ஆம்புட்ஸ் வழியாகச் சொல்லி அனுப்புவது, முறைப்படி புகார் கொடுப்பது. புகாருக்குக் காலக்கெடு இருந்தால் அதைச் சொல்லியே ஆகவேண்டும். உடல்ரீதியான தாக்குதல் என்றால் மருத்துவப் பரிசோதனை தள்ளத் தள்ளத் தடயம் அழியும் என்பதையும். முடிவு வந்தவருடையது, ஆனால் தகவல் தெரியாமல் எடுத்த முடிவை அவருடைய முடிவு என்று சொல்ல முடியாது.

இந்த வழிகளில் ஒன்று மாநாட்டுக்கென்றே செய்ததுபோல் பொருந்தும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1973 முதல் 2014 வரை ஆம்புட்ஸாக இருந்த மேரி ரோவ் அதைப் பொதுவழி என்று விளக்கினார். ஆளைச் சுட்டாமல் சூழலை மாற்றுவது. ஓர் ஆராய்ச்சி மாணவி சுவரொட்டி அமர்வில், அதாவது தன் ஆய்வைச் சுவரொட்டியாக மாட்டி வருகிறவர்களுக்கு விளக்கும் அமர்வில், நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்த பேராசிரியர் ஒருவர் வருகிறார், தோளில் கைவைத்துக்கொண்டே இருபது நிமிடம் பேசுகிறார், மற்றவர்கள் கேள்வி கேட்க இடமே விடுவதில்லை. நாளையும் அதே இடத்தில் அந்த மாணவி நிற்கவேண்டும். புகார் கொடுக்க அவருக்கு மனமில்லை. அவர் சம்மதித்தால் ஆம்புட்ஸ், மாநாட்டுத் தலைவரிடம் போய், எந்த மாணவி, எந்தப் பேராசிரியர், எந்த வரிசை என்று எதையும் சொல்லாமல், "சுவரொட்டி அரங்கம் முழுவதும் ஒருங்கிணைப்பாளர்கள் சுற்றிவரட்டும், ஓர் ஆள் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் அடுத்தவருக்கு வழிவிடச் சொல்லட்டும், தொடாமல் பேசுங்கள் என்று காலை அறிவிப்பில் எல்லாருக்குமாகச் சொல்லுங்கள்" என்கிறார். அறிவிப்பு எல்லாருக்கும் போகவேண்டும். ஒரு வரிசைக்கு மட்டும் ஆள் நிறுத்தினால் யார் சொன்னார் என்று அந்த வரிசைக்கே தெரிந்துவிடும்.

குற்றம் சாட்டப்பட்டவரும் இந்த அறைக்கு வரலாம், வரவேண்டும். நடுநிலை என்பது அவருக்கும் அதே நாற்காலி, அதே ஒரு மணி நேரம். இருவரும் ஒரே ஆம்புட்ஸிடம் வந்துவிட்டால், அடுத்தவர் வந்ததை இவரிடம் சொல்லவும் முடியாது, தெரியாததுபோல் ஆலோசனை சொல்லவும் முடியாது. "என்னால் இதில் உதவ முடியாத நிலை, என் சக ஆம்புட்ஸைப் பாருங்கள்" என்று காரணம் சொல்லாமல் அனுப்ப வேண்டியதுதான். இரண்டு பேர் வேண்டும் என்று முன்பே சொன்னதற்கு இதுவும் காரணம். இதே வார்த்தைகளை வேறு காரணங்களுக்காகவும் பயன்படுத்தி வந்தால் அதிலிருந்து யாரும் எதையும் ஊகிக்க முடியாது.

மாலை தேநீர் நேரத்தில் அமைப்பாளர் அக்கறையோடுதான் கேட்பார்: "யாராவது வந்தார்களா?" முதல்நாள் "யாரும் வரவில்லை" என்று சொல்லிவிட்டால், இரண்டாம்நாள் மௌனமே பதிலாகிவிடும். ஆகவே முதல்நாளிலிருந்தே ஒரே பதில்: "அதைப் பற்றி நான் பேசுவதில்லை." வந்துபோனவரிடமும் கடைசியில் ஒன்று சொல்லவேண்டும். "விருந்தில் பார்த்தால் நான் உங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன், நீங்களாக வந்து பேசினால் பேசுவேன்." சொல்லாமல் முகம் திருப்பினால் அவர் மனம் நோகும்.

அறிக்கை எழுதும்போது சின்ன எண்கள்தான் ஆபத்து. முந்நூறு பேர் வந்த மாநாட்டில் "ஓர் அமர்வு பற்றி இரண்டு பேர்" என்று எழுதினால் பெயரை எழுதியதற்குச் சமம். ஐந்துக்குக் குறைவான எதையும் தனி வகையாகக் காட்டாதீர்கள், பெரிய வகையோடு சேருங்கள், அல்லது இரண்டு மூன்று ஆண்டுகளைச் சேர்த்து ஒரே அறிக்கையாக எழுதுங்கள். நாடு, அமர்வு, தேதி எதுவும் வேண்டாம். மாநாடு முடிந்த வாரமே கேட்டு அவசரப்படுத்தாதீர்கள்.

பலர் பேசத் துணிவது ஊர் திரும்பிய பிறகுதான், பையை இறக்கிவைத்து இரண்டு நாள் தூங்காமல் இருந்த பிறகு. ஆகவே அந்தத் தொலைபேசி மாநாடு முடிந்த நாளோடு அணையக்கூடாது. நான்கு வாரம் உயிரோடு இருக்கட்டும், எந்தத் தேதிவரை என்பதை அட்டையிலேயே அச்சிடுங்கள். குறிப்புகள் தாளில், பெயரில்லாமல் இருந்து, ஒவ்வொருவரின் விஷயமும் முடிந்ததும் கிழிபடட்டும். கடைசித் தேதியன்று அழைப்புப் பட்டியலும் குறுஞ்செய்திகளும் அழிக்கப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வையுங்கள். பிறகு யாராவது கேட்டால், விதிப்படி அழித்தோம் என்று காட்ட ஆம்புட்ஸ் கையில் அந்த ஒரு வரி இருக்கவேண்டும்.

நன்றி, வணக்கம்.