இரண்டு தடவை அமுக்கும் விரல்

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் 18 வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "அப்டேட் வந்து ஏதாவது சரியானால் ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று பேசுங்களேன்" என்று வானொலி நிலையத்தில் கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் சொல்வதை அப்படியே சொன்னால் பாதியை ஒலிபரப்ப முடியாது. மீதியைச் சொல்கிறேன்.

பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டி. அங்கே கணக்கு எழுதும் பெரியவர் ஒருநாள் காலையில் போன் செய்தார். "தம்பி, நேத்து ராத்திரி ஏதோ அப்டேட்டுன்னு வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. காலையில இருந்து ஒவ்வொரு பில்லும் ரெண்டு ரெண்டா வருது. ரெண்டு பில்லைக் காட்டி ரெண்டு பணம் கேட்டா நான் எங்க போறது? உடனே வா."

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். நான் உட்கார்ந்து ஒரு பில் அடித்தேன். ஒன்றுதான் வந்தது. இன்னொன்று அடித்தேன், அதுவும் ஒன்றுதான். "உன்னைப் பார்த்தா பயப்படுது" என்றார். அவரை உட்காரச் சொன்னேன். இரண்டு வந்தது. மறுபடி அடித்தார், மறுபடி இரண்டு. பிரிண்டரை விட்டுவிட்டு அவர் கையைப் பார்த்தேன். இடது கை பெட்டிக் கணக்குச் சீட்டைப் புரட்டுகிறது. வலது கை மவுஸால் பிரிண்ட் பட்டனை ஒருமுறை அமுக்குகிறது, கண்ணிமைக்கும் நேரத்தில் இன்னொரு முறை அமுக்குகிறது.

"ஏங்கய்யா ரெண்டு தடவை அமுக்குறீங்க?"

"ஒரு தடவை அமுக்குனா எங்க தம்பி வருது? ரெண்டாவதுக்குத்தான் வரும். ஏழு வருஷமா அப்படித்தானே."

விஷயம் அதுதான். சும்மா கிடக்கும் பிரிண்டர் தூங்கிவிடும். முதல் கட்டளை அதை எழுப்புவதோடு காணாமல் போகும், இரண்டாவதுதான் தாளில் விழும். அப்டேட் அந்தக் கோளாறைச் சரிசெய்துவிட்டது. முதல் கட்டளையும் பிழைத்துக்கொண்டது, இரண்டாவதும் பிழைத்துக்கொண்டது. இதை விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா இருந்ததை எதுக்குக் கெடுத்தாங்க?" என்றார்.

அவரைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் அவர் சொல்வது சரி. கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்த வழக்கத்தை அவர் விரல் கற்றுக்கொண்டது. இன்றைக்குக் கம்ப்யூட்டர் பேச்சு மாறிவிட்டது. கோளாறு என்று புரோகிராம் எழுதுகிறவர் சொல்வது ஒன்று, கடையில் உட்காருகிறவர் சொல்வது வேறொன்று. கடைக்காரருக்குக் கோளாறு என்றால் நேற்று நடந்தது இன்று நடக்காமல் போவது. நேற்று நடந்தது தப்பா சரியா என்பது அவர் கவலை இல்லை.

நம் ஊர்த் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் ஓட ஆரம்பித்தது. அதுவரை போர்வெல் தண்ணீர்தான். அதிலிருந்த ஃப்ளோரைடு பல்லில் காவியேற்றியது, மூட்டைப் பிடித்தது. இந்த மாவட்டத்தில் யாருக்கும் அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்த அன்று எங்கள் பாட்டி ஒரு சொம்பு குடித்துவிட்டு, "என்னடா இது, சப்புனு இருக்கு" என்றது. ஆறு மாதத்துக்குச் சோற்றுக்கு மட்டும் போர் தண்ணீரைத்தான் வைத்தது.

சில பிழைகளை இதனாலேயே சரிசெய்யாமல் விட்டிருக்கிறார்கள். வீட்டில் எக்ஸெல் இருந்தால் செய்து பாருங்கள். ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து, அதைத் தேதியாக மாற்றுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாள் வரவே இல்லை, 1900 லீப் வருடம் கிடையாது. எக்ஸெலுக்கு முன்பு லோட்டஸ் 1-2-3 என்று ஒரு கணக்கு மென்பொருள் கொடிகட்டிப் பறந்தது. அதில் இருந்த தப்பு இது. அந்தக் கோப்புகளெல்லாம் எக்ஸெலிலும் தேதி பிசகாமல் திறக்க வேண்டும் என்று தெரிந்தே அதே தப்பை எக்ஸெலிலும் வைத்தார்கள். இன்றைக்குத் திருத்தினால் உலகத்தில் எத்தனையோ கணக்குப் புத்தகங்களில் தேதி ஒருநாள் நகர்ந்துவிடும். பிறக்காத அந்த நாள் இன்னும் உள்ளே இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த பிழை இது.

அப்டேட்டுக்கு ஒரு கிழமைக் கணக்கு உண்டு. 2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, விண்டோஸ் போன்ற தன் மென்பொருள்களில் உள்ள ஓட்டைகளை அடைக்கும் ஒட்டுகளை வெளியிடுகிறது. அமெரிக்காவில் அது செவ்வாய் காலை, நமக்கு இரவு 10 மணிக்கு மேல். அதனால் என் கடைக்குக் கூட்டம் வருவது புதன்கிழமை. வருகிறவர்கள் யாரும் "பழைய தொந்தரவு போயிடுச்சு" என்று சொல்ல வருவதில்லை. கம்ப்யூட்டர் சரியானவர் வீட்டில் இருக்கிறார், கெட்டுப்போனவர் மட்டும் கடைக்கு வருகிறார். என் கடை வாசலில் நின்று கணக்கெடுத்தால் அப்டேட் என்பதே கெடுப்பதற்காகத்தான் என்று தோன்றும்.

என்ன மாற்றினோம் என்று எழுதுகிறவர்கள் மீதும் எனக்கு ஒரு கோபம் உண்டு. போன் செயலிகளில் பாருங்கள், "சில பிழைகள் சரிசெய்யப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது" என்று ஒரு வரி. எந்தப் பிழை? மெக்கானிக் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது "சில பார்ட்ஸ் மாத்தியிருக்கேன்" என்று மட்டும் சொன்னால் விடுவோமா?

பென்னாகரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா இருக்கிறார். அவர் கடையில் தனி இன்டர்நெட் கிடையாது. கைபேசியில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் 1.5 ஜிபியை ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் ஆன்லைன் விண்ணப்பமெல்லாம் போடுகிறார். அப்டேட் வருகிற அன்றைக்கு மத்தியானத்துக்குள் டேட்டா காலி. "ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க, இது உக்காந்து என் காசைக் குடிக்குது. மொத்தமா நிறுத்திடு" என்றார். வைஃபை செட்டிங்கில் அந்த ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்டு கனெக்ஷன்', அதாவது அளந்து செலவழிக்க வேண்டிய இணைப்பு என்று குறித்துவிட்டால் பெரிய அப்டேட் தானாக இறங்காது. தம்பி வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கே இறக்கிக்கொள்ளலாம். அப்படித்தான் செய்து கொடுத்தேன்.

ஆனால் ஒரு காலத்தில் நான் இப்படிச் செய்வதில்லை. அப்டேட்டையே அணைத்துவிடுவேன். வாடிக்கையாளருக்கும் சந்தோஷம், எனக்கும் புதன்கிழமை கூட்டம் குறையும். "அந்த அண்ணன்கிட்ட கொடு, அப்டேட் தொல்லை இல்லாம பண்ணிக் கொடுப்பாரு" என்று பெயரே எடுத்திருந்தேன். பிறகு ஒருநாள் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. திறந்தால் எல்லாக் கோப்பும் பூட்டிக் கிடக்கிறது, பணம் கட்டு என்று சிவப்பில் அறிவிப்பு. ஐந்து வருடக் கணக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. அந்த ஓட்டைக்கான ஒட்டு ஏற்கெனவே வந்திருந்தது, போடவிடாமல் அணைத்து வைத்தது என் கை. அவர் என்னைத் திட்டவில்லை. எதனால் வந்தது என்று அவருக்குத் தெரியாது. நான் சொன்ன பிறகும் திட்டவில்லை. அந்த வேலைக்கு நான் காசு வாங்கவில்லை என்பதைத் தவிர என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

இப்படிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸுக்கு ஊரறிந்த உதாரணம் வான்னாக்ரை. 2017 மே 12-ஆம் தேதி கிளம்பி 150 நாடுகள் வரை போனது, இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டைக்கு மார்ச் 14-ஆம் தேதியே ஒட்டு வந்துவிட்டது. இடையில் இரண்டு மாதம்.

அதற்காக அப்டேட்டைத் திட்டுகிறவர்களெல்லாம் தெரியாமல் திட்டுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய டாக்குமென்ட்ஸ், படங்களையே அழித்துவிட்டது. நாலே நாளில் அதை நிறுத்தினார்கள், சரிசெய்து மறுபடி விட்டது நவம்பரில். பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. அந்த ஒருவருக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் போயிருந்தால் பத்தாயிரம் என்ன, லட்சம் என்ன?

இதில் எனக்கு உறுத்தியது வேறு. அப்டேட்டை வெளியே விடுவதற்கு முன்பே, சோதனைக்காகப் போட்டுப் பார்த்த சிலர் "என் கோப்பு காணோம்" என்று எழுதியிருந்தார்கள். நிறையப் பேர் ஆமோதித்த புகார்தான் மேலே வரும் என்ற ஏற்பாடு. நிறம் பிடிக்கவில்லை, பட்டன் இடம் மாறிவிட்டது என்பதற்கெல்லாம் கூட்டம் கைதூக்கியது. கோப்பு போனவர்கள் கொஞ்சம் பேர், அவர்கள் குரல் அடியில் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் பாதிப்பு எவ்வளவு கடுமை என்று குறிக்கவும் இடம் வைத்தார்கள்.

அதே 2018-இல், பிப்ரவரியில், இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்து நேயர்களுக்குச் சுவையாக இருக்கும். ஒரே ஒரு தெலுங்கு எழுத்து ஐபோனை நிலைகுலைய வைத்தது. மெசேஜில் அது வந்தால் அந்தச் செயலி திறக்கவே திறக்காது. ஞானம் என்று தெலுங்கில் எழுதும்போது வருகிற முதல் எழுத்து அது! விஷமக்காரர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பி விளையாடினார்கள். கூச்சல் பெரிதாக எழுந்ததும் சில நாட்களுக்குள் ஆப்பிள் நிறுவனம் ஒட்டு வெளியிட்டுவிட்டது.

ஆக, எப்படிக் கத்துகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. "வேலை செய்யல" என்று போனில் சொல்கிறவருக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. 2021-இல் பிரிண்டர் சம்பந்தமான ஒரு பெரிய ஓட்டையை விண்டோஸில் மாதா மாதம் அடைத்துக்கொண்டே வந்தார்கள். செப்டம்பர் ஒட்டு போட்டதும், ஒரே பிரிண்டரை நாலைந்து கம்ப்யூட்டர் பங்கிட்டுக்கொண்ட பல இடங்களில் பிரிண்ட் நின்றுபோனது. திரையில் ஒரு நீளமான எண், கடைசியில் 11பி என்று முடியும். அந்த எண் தெரிந்திருந்தால் வேலை அரை மணி நேரம், தெரியாவிட்டால் பிரிண்டரைக் கழற்றி, கேபிளை மாற்றி, ஒரு நாள் போய்விடும். அதனால் திரையில் எண்ணோ எழுத்தோ வந்தால் மூடிவிடாதீர்கள். கைபேசியில் ஒரு படம் எடுங்கள். கடைசியாக என்ன செய்தீர்கள், முந்தின நாள் அப்டேட் ஓடியதா என்று சொல்லுங்கள். அது போதும்.

மண்டிப் பெரியவர் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். பழையபடி ஆக்கித் தரச் சொன்னார், முடியாது என்றேன். ஒருமுறை மட்டும் அமுக்கப் பழகச் சொன்னேன், அவரால் முடியாது என்றார். இப்போது இரண்டு பில்தான் வருகிறது. ஒன்றை விவசாயிக்குக் கொடுக்கிறார், இன்னொன்றைக் கம்பியில் குத்தி வைத்துக்கொள்கிறார். ஆபீஸ் காப்பியாம்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நம் மாவட்டத்தில் அதிலேயே ஓடுகிற கம்ப்யூட்டர்கள் இன்னும் இருக்கின்றன. பென்னாகரத்து அக்காவுடையதும் அதில் ஒன்று. போன வாரம் அவர் போன் செய்தார்.

"ஏம்ப்பா, முன்னெல்லாம் மாசம் ஒருக்கா வந்து உசிரை வாங்கும். இப்ப ரொம்ப நாளா ஒண்ணையும் காணோம். ஏதாச்சும் கெட்டுப்போச்சா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறியா?"

நாளைக்குப் போகிறேன். வணக்கம்.