உபயம் கீழே இருக்கட்டும்

(மென்பொருள் விடுதலை நாளை ஒட்டிப் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

எங்கள் ஊர் முக்கூடலுக்குப் பக்கம். அம்மன் கோயில் கொடைக்கு நோட்டீஸ் அடிக்கும் பொறுப்பு பல வருடம் என் பெரியப்பாவிடம் இருந்தது. மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து. திங்கள் இரவு குடியழைப்பு, செவ்வாய் மதியக்கொடை, ராத்திரி வில்லிசை, அப்புறம் சாமக்கொடை என்று வரிசையாக நேரத்தோடு இருக்கும். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கோடு போட்டு உபயதாரர்கள் பெயர் வரும். பந்தல் யார், மைக் செட் யார், வில்லிசைக்குக் கொடுத்தது யார் என்று.

ஒரு வருடம் டவுனில் புதிதாகக் கடை திறந்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். வில்லிசைச் செலவு மொத்தமும் நான் ஏற்கிறேன், செவ்வாய் சாயங்காலம் 6 மணிக்கு எங்கள் கடைக் குலுக்கல் என்று நிகழ்ச்சி வரிசையில் ஒரு வரி சேருங்கள் என்றார். திண்ணையில் ப்ரூஃப் தாளைத் திருத்திக்கொண்டிருந்த பெரியப்பா நிமிர்ந்தார். "தம்பி, உபயம்னு கீழ கொட்டை எழுத்துல போட்டுத் தாரேன். மதியக்கொடைக்கும் சாமக்கொடைக்கும் நடுவுல உங்க கடை வராது. அது தலக்கட்டு வரி குடுத்தவங்க இடம்" என்றார். வந்தவர் கோபித்துக்கொள்ளவில்லை. உபயம் கொடுத்தார், பெயரும் கீழே வந்தது.

நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் முடிகிற திறமூல மென்பொருளுக்கான ஒரு சமூகத்தின் நிகழ்வு நாட்காட்டியை மட்டுறுத்தும் சிலரில் நானும் ஒருத்தி. யார் வேண்டுமானாலும் நிகழ்ச்சியைப் பதியலாம், நாங்கள் பார்த்துவிட்டு வெளியிடுவோம். மாதாந்திரச் சந்திப்பு, மென்பொருள் நிறுவிக் கொடுக்கும் முகாம், ஆவணங்களைத் தமிழாக்க ஒன்றுகூடும் ஞாயிற்றுக்கிழமை, இப்படிப்பட்டவைதான் அதில் வர வேண்டும். சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த மாதிரிக் கூட்டம் நடத்துகிறவர்களிடம் விளம்பரத்துக்குப் பணம் கிடையாது. நாட்காட்டியில் வரும் ஒரு வரிதான் அவர்களுக்கு அழைப்பிதழ்.

அந்த வரிக்குப் பக்கத்தில்தான் நிறுவனங்கள் இணையவழியில் நடத்தும் வெபினார்கள் வந்து சேருகின்றன. ஒரு நிறுவனத்துக்குச் சந்தைப்படுத்தும் துறை இருக்கிறது. மாதம் எட்டு வெபினார் நடத்த ஆள் இருக்கிறது. எட்டையும் பதிவார்கள். அப்படி நான்கு நிறுவனங்கள் பதிந்தால் 32. அம்பாசமுத்திரத்தில் ஐந்து பேர் கூடும் சந்திப்பு அதற்குள் எங்கே தெரியும்? ஐகேலண்டர் என்ற பொது வடிவம் 1998-லேயே வந்துவிட்டதால், எங்கள் நாட்காட்டிக்கு ஒருமுறை சந்தா போட்டால் போதும், நாங்கள் வெளியிடும் ஒவ்வொன்றும் நேராக உங்கள் கைபேசிக்கு வந்துவிடும். ஆக, நான் ஒன்றை அனுமதித்தால் அது யாரோ ஒருவருடைய அன்றாடத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இந்த வேலையில் என்னைப் பயப்பட வைப்பது அதுதான்.

நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். தெரிந்த ஒருவர் வேலை பார்க்கும் நிறுவனத்திலிருந்து ஒரு பதிவு வந்தது. தரவுத்தளத்துக்கு பேக்கப் எடுப்பது எப்படி என்று தலைப்பு. தெரிந்தவர்தானே என்று விவரத்தைக்கூடப் படிக்காமல் அனுமதித்தேன். அதே வாரம் எனக்கு யாரையும் தெரியாத வேறொரு நிறுவனத்தின் பதிவை, விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று தள்ளியிருந்தேன். ஆலங்குளம் பக்கத்து மாணவி ஒருத்தி நான் அனுமதித்த அந்த நிகழ்ச்சிக்காக ராத்திரி கண்விழித்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு மணி நேரத்தில் பேக்கப் பற்றிப் பேசியது பத்து நிமிடம். மீதி நேரம் அவர்கள் விற்கும் பொருளின் திரைதான். மறுநாளிலிருந்து அவளுக்குத் தொலைபேசி அழைப்புகள். வகுப்பில் இருக்கும்போதும் வந்திருக்கின்றன. அவள் எனக்கு எழுதினாள்: "அக்கா, நீங்க போட்டிருந்ததாலதான் நம்பி நம்பர் கொடுத்தேன்."

அந்த ஒரு வரியை நான் மறக்கவில்லை. அதற்கப்புறம்தான் நாங்கள் உட்கார்ந்து விதிகளை எழுதினோம்.

எழுதும்போது முதலில் வந்த யோசனை, நிறுவனம் என்றாலே வேண்டாம் என்பது. சுலபமான விதி, ஆனால் நியாயமில்லாதது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் சேரும் நிரல்களில் பெரும்பகுதி நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள் எழுதியது. 1986-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை இன்று வளர்ப்பவர்களில் மிகப் பலர் ஏதோ ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள்தான். அந்தச் சமூகம் இதை எப்படிக் கையாண்டது என்று பாருங்கள். 2020-ல் ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கியதால், ஐந்து பேர் கொண்ட மையக் குழுவில் மூன்று பேர் ஒரே நிறுவனத்தவர் ஆகிவிட்டார்கள். பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து இருக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் நெடுநாளாக இருந்த எழுதாத வழக்கம். யாரையும் வெளியே அனுப்பவில்லை. வேறு இடங்களிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்து ஏழாக்கினார்கள். நிறுவனமும் இருந்தது, சமூகத்தின் பிடியும் தளரவில்லை.

அதனால் நடத்துகிறவர் யார் என்று கேட்பதை விட்டோம். வந்து உட்காருகிறவர் எதை எடுத்துக்கொண்டு போவார் என்று கேட்க ஆரம்பித்தோம். உங்கள் பொருளை ஒருநாளும் வாங்கப்போகாத ஒருவர், அன்று கற்றதை மறுநாள் தன் கணினியில் செய்து பார்க்க முடியுமா? முடியும் என்றால் வாருங்கள்.

ஓர் உதாரணம். போஸ்ட்கிரெஸில் ஓர் அட்டவணையிலிருந்து ஒரு வரிசையை அழித்தாலும் அது பிடித்திருந்த இடம் உடனே காலியாகிவிடாது. வேக்கும் என்ற வேலை ஓடி அந்த இடத்தை மறுபடி பயன்படுத்த விட வேண்டும். அது சரியாக ஓடாமல் அட்டவணைகள் ஊதிப்போய்த் தவிக்கிறவர்கள் நிறைய. ஒரு நிறுவன ஊழியர் இதை 40 நிமிடம் விளக்கினால், கடைசியில் தன் நிறுவனத்தைப் பற்றி இரண்டு நிமிடம் சொல்லிவிட்டுப் போகட்டும், மனதார வரவேற்கிறேன். அது உபயம். எங்கள் புதிய பதிப்பு உங்கள் வேக்கும் கவலையைத் தீர்க்கும் என்று தலைப்பு வைத்து விலைப்பட்டியலில் முடிப்பது கடைக் குலுக்கல். இரண்டையும் பிரித்துப் பார்க்க விவரக் குறிப்பை ஒருமுறை முழுதாகப் படித்தால் போதும். பேசப்போகிறவர் பெயரே இல்லாமல் நிறுவனத்தின் பெயர் மட்டும் ஐந்து முறை வந்தால் நாங்கள் எழுதிக் கேட்போம்.

எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற பதிவுசெய்த வீடியோவை எடுப்பதில்லை. அதற்கு நாளும் இல்லை, கேள்வி கேட்டால் பதில் சொல்ல எதிரில் ஆளும் இல்லை.

நேரம் பற்றியும் சொல்கிறேன், நம் ஊர்க்காரர்கள் அதிகம் அடிபடுவது இதில்தான். கலிஃபோர்னியாவில் காலை 10 மணி என்று போட்டிருப்பார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். அந்த மாதங்களில் நமக்கு இரவு 10.30, மற்ற மாதங்களில் 11.30. மாதாமாதம் நடக்கும் தொடரில் இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் பதிந்தால், இங்கே ஒருவர் ஒரு மணி நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், அல்லது முடிந்த பிறகு வந்து சேருவார். எந்த ஊர் நேரம் என்பதைத் தெளிவாகக் குறிக்காத பதிவைத் திருப்பி அனுப்புகிறோம். திருத்திக் கொடுத்தால் அன்றே போட்டுவிடுகிறோம்.

தொலைபேசி எண் விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். மின்னஞ்சல் கேளுங்கள், இணைப்பு அனுப்ப அது தேவைதான். எண் எதற்கு? எந்த நிறுவனத்தில் வேலை, எவ்வளவு பட்ஜெட் என்று படிக்கிற பிள்ளையிடம் எதற்கு? இவற்றைக் கட்டாயமாக்கும் படிவத்தோடு வரும் எதுவும், பேசுபவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், எங்கள் நாட்காட்டியில் வராது.

மறுப்பதிலும் ஒரு முறை உண்டு. பதில் போடாமல் கிடப்பில் வைப்பது பெரிய அவமரியாதை. மறுமுனையில் இருப்பவரும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பிள்ளைதான். மேலதிகாரியிடம் கணக்குச் சொல்ல வேண்டும். எதனால் போடவில்லை, எதை மாற்றினால் போடுவோம் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். அப்படி எழுதியதால் திருந்தி வந்த பதிவுகள் பல. தெரிந்தவர் அனுப்பியதை இப்போது நான் பார்ப்பதில்லை, குழுவில் இன்னொருவர் பார்க்கிறார்.

பேக்கப் நிகழ்ச்சி நடத்திய அந்த நிறுவனத்துக்கும் எழுதினேன். நான்கு மாதம் கழித்து மறுபடி பதிந்தார்கள். படிவத்தில் எண் கேட்கவில்லை. பேசப்போகிற பெண்ணின் பெயர் மேலே இருந்தது, நிறுவனத்தின் பெயர் கடைசி வரியில். நேரம் நமக்குச் சாயங்காலம் 6 மணி. ஆலங்குளத்துத் தங்கைக்கு இணைப்பை அனுப்பி, விருப்பமிருந்தால் வா என்று மட்டும் எழுதினேன். வந்தாள். பேக்கப் எடுத்த கோப்பிலிருந்து ஒரே ஒரு அட்டவணையை மட்டும் மீட்பது எப்படி என்று கேட்டாள். பேசியவர் மதுரைப் பக்கம் போலிருக்கிறது, தமிழிலேயே செய்து காட்டினார்.

இப்போது எங்கள் குழுவில் இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள். தினமும் கால் மணி நேரம் ஒதுக்கிப் பொறுமையாகப் படிக்க முடிந்தால் போதும், நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. டீ இடைவேளையில் அரங்கு வாசலில் நிற்பேன், வந்து பேசுங்கள்.