மூச்சின் வழியே புற்றுநோய் மருந்து

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் பயன்படுத்துவோர் இந்த அரங்கிலும் சிலர் இருப்பீர்கள். மருந்து சேர வேண்டிய இடம் நுரையீரல்; அதற்கு நேர்வழி மூச்சு. இந்த எளிய நியாயம் நுரையீரல் புற்றுநோய்க்கு ஏன் இன்னும் கைகூடவில்லை என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 25 இலட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது; ஏறத்தாழ 18 இலட்சம் பேர் இதனால் இறந்தனர். இரத்தநாளத்தில் ஏற்றப்படும் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து உடலெங்கும் சுற்றி, சிறுநீரகத்தையும் செவிப்புலனையும் வாட்டக்கூடியது. கட்டியை அடைவதோ அதில் ஒரு சிறு பங்குதான்.

மூச்சின் வழியே கொடுக்கலாம் என்றால் அளவுச் சிக்கல் குறுக்கே நிற்கிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 5 மைக்ரானுக்கு மேற்பட்ட துளி தொண்டையின் வளைவில் மோதிப் படிந்துவிடும். 1 முதல் 5 மைக்ரான் வரையுள்ளது மூச்சுக்குழலின் கிளைகளைக் கடந்து ஆழத்துக்கு இறங்கும். அரை மைக்ரான் அளவுள்ளதில் பெரும்பகுதி எங்கும் படியாமல் வெளிமூச்சோடு திரும்பிவிடும். ஆனால் காற்றுச் சிற்றறைகளில் காவல் நிற்கும் விழுங்கு செல்களுக்குத் தப்பிக் கட்டியின் செல்லுக்குள் நுழைய வேண்டிய துகளோ, பெரும்பாலும் 200 நானோமீட்டருக்கும், அதாவது 0.2 மைக்ரானுக்கும், சிறியதாக இருக்க வேண்டும். பயணத்துக்கு ஓர் அளவு, வேலைக்கு வேறோர் அளவு. ஆகவே நானோ துகள்களை நீர்த்துளிகளில் மிதக்கவிட்டு நெபுலைசரால் மென்பனியாக்குகிறார்கள். அல்லது சர்க்கரைப் பொடிக்குள் பொதிந்து, அது உள்ளே படிந்து கரைந்ததும் துகள்கள் வெளிப்படுமாறு செய்கிறார்கள். வாழைப்பழத்துக்குள் மாத்திரையை வைத்துக் கொடுக்கும் நம் வீட்டு உத்திதான் இது.

கற்பனை அன்று. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2018ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்த அரிகேஸ் என்ற மருந்து, அமிகாசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை ஏறத்தாழ 300 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புப் பைகளில் அடைத்து உள்ளிழுக்கச் செய்வது. ஆனால் அது காசநோய்க் கிருமிக்கு உறவான ஒரு கிருமியின் தொற்றுக்கானது. அக்கிருமி விழுங்கு செல்களுக்குள்ளேயே குடியிருப்பதால், மருந்துப் பையை அந்தச் செல்கள் விழுங்குவது அங்கே ஆதாயம். புற்றுநோயிலோ அதுவே இழப்பு.

கொழுப்புப் பைகளில் அடைத்த சிஸ்பிளாட்டினை நுரையீரல் புற்றுநோயாளிகள் உள்ளிழுத்த முதற்கட்ட ஆய்வு 2007ஆம் ஆண்டில் வெளியானது. இரத்தத்தில் மருந்து மிகக் குறைவாகவே கலந்தது. சிறுநீரகமும் செவியும் தப்பின. பலருக்குக் கட்டி வளராமல் நின்றது என்பது உண்மை. சுருங்கியது என்று சொல்வதற்கில்லை. நுரையீரல் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்ற மூச்சுவழி மருந்து இதுவரை ஒன்றும் இல்லை.

துகளைவிடக் காற்றே பெரிய தடை என்பது என் கருத்து. காற்று போகும் இடத்துக்குத்தான் மருந்தும் போகும். கட்டி ஒரு குழலை அடைத்திருந்தால், நலமான பகுதி மருந்தில் நனைய, கட்டியுள்ள பகுதி வறண்டு கிடக்கும். நிணநீர்க் கணுவுக்கோ மூளைக்கோ பரவிய நோயை இந்த வழியில் எட்டிப் பிடிப்பதும் அரிது. போதாக்குறைக்கு, நோயாளி வெளிவிடும் மூச்சிலும் செல்கொல்லி மருந்து இருப்பதால், அருகில் நிற்கும் செவிலியரைக் காக்க அந்த மூச்சையும் வடிகட்டியாக வேண்டும். எனவே இப்போதைக்கு இது நரம்பூசிக்கு மாற்றாக அன்று, துணையாகவே, அதுவும் காற்றோட்டம் தடைபடாத சிறு கட்டிகளுக்கே, முதலில் பயன்படக்கூடும் என்று நினைக்கிறேன்.