முதல் மூன்று பக்கம் எதற்கு?

வணக்கம். பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுவது எப்படி என்று வானொலியில் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதையே நாலு விதமாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வயல் தலைஞாயிறு பக்கம். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை; அதன் பாடு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்பது வருஷத்துக்கு ஒரு கதை. ஒரு வருஷம் வரவே இல்லை. அந்தக் கோபத்தில்தான் என் முதல் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

எழுதியது என்ன தெரியுமா? கரிகாலன், கல்லணை, சோழவளநாடு சோறுடைத்து, பொன்னி, காவிரித்தாய். முழுசாக மூன்று பக்கம்! பள்ளிக்கூடத்தில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பழக்கிவிட்டார்களே, அந்தக் கை சும்மா இருக்குமா?

பத்து நாளில் கட்டுரை திரும்பி வந்தது. நாலாம் பக்கத்தில் ஒரு வரிக்குப் பக்கத்தில், சிவப்பு மையில், ‘இங்கிருந்து தொடங்கலாமே’ என்று ஆசிரியர் எழுதியிருந்தார். அந்த வரி இதுதான்: ‘ஆடிப்பெருக்கன்று எங்கள் வாய்க்காலுக்குள் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள், பெண்கள் காதோலை கருகமணியை அடிபம்புக்குக் கீழே வைத்துக் கும்பிட்டார்கள்.’

எனக்கு ஒரு மாதம் ஆறவில்லை. கரிகாலனையே வெட்டச் சொல்கிறாரே! சித்தப்பாவிடம் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். இரண்டாம் பக்கத்திலேயே வெற்றிலையைத் துப்பிவிட்டு, “வாய்க்கால்ல தண்ணி வந்துதா இல்லையாப்பா, அதைச் சொல்லு” என்றார். அன்றே வெட்டினேன். கட்டுரை அச்சில் வந்தது.

ஆகவே, எழுதி முடித்ததும் நாலு நாள் மூடி வையுங்கள். அப்புறம் எடுத்து, நீங்களே கண்ணால் பார்த்த முதல் வரி எங்கே வருகிறது என்று தேடுங்கள். அதற்கு மேலே இருப்பதை எல்லாம் அடித்துவிடுங்கள். வலிக்கும். எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. தலைமடையிலேயே தண்ணீரைத் தேக்கிக்கொண்டால் கீழே என்ன பாயும்?

கணக்கு இன்னொன்று. ஒருமுறை ‘மேட்டூரில் 12,000 டி.எம்.சி. திறந்தார்கள்’ என்று எழுதி, அது அப்படியே அச்சாகிவிட்டது. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டார்: ‘ஐயா, அணை நிறைந்தாலே 93 டி.எம்.சி.தான். மீதி உங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்தா?’ நான் எழுத நினைத்தது விநாடிக்கு 12,000 கன அடி. அந்த அளவில் ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டி.எம்.சி.யைக் கொஞ்சம் தாண்டும். ஓடுவது வேறு, தேங்குவது வேறு. இதை மதகில் நிற்கும் லஸ்கரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

முடிவுரையைப் பற்றியும், தலைப்பைப் பற்றியும் நிறையக் குறித்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டு நிமிஷம்தான் என்று. சரி, சுருக்கமாக: ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு பத்திரிகைக்கு அனுப்பாதீர்கள். எத்தனை சொல் கேட்டார்களோ அதற்குள் நில்லுங்கள். பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைக் கட்டுரையின் அடியிலேயே எழுதுங்கள். நகல் ஒன்று கையில் இருக்கட்டும். தலைப்பு... சரி, ஒரு விரல் ஆகிவிட்டது. வணக்கம்.